குளிருக்குப் பழகின சனம்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். தம்பித்துரை அவ்வளவு கஷ்டப்படவில்லை. ஒரேயொரு பொய்யோடு காரியத்தை முடித்துக்கொண்டான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, புதுப்பெண்ணைப் பார்க்கவென்று ஜேர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்துக்கு வந்திருந்த நாலைந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம், "இவ சந்திரகாந்தி. வவுனியாப் பக்கம், செட்டிகுளம். தாய் தேப்பன் ஷெல்லிலை செத்திட்டினம்" என்று சொன்னான். அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் செட்டிகுளத்தில் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தான். கெட்டிக்காரன்.

உண்மையில் அவள் மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, ஆனைப்பள்ளத் தோட்டத்தில், கூலிக்காரருக்குக் கட்டிய வரிசை வீடுகளில், மூன்றாம் நம்பர் லயத்தில் பிறந்தவள். தாய் தேயிலைக் கொழுந்து பறித்தாள், தகப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினான். பதினொரு வயதில் ஒரு தரகனோடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு, ஒரு வாத்தியார் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், புட்டு அவித்தாள், வாத்தியாரின் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துவிட்டாள். யாழ்ப்பாணத் தமிழ் அவள் நாக்கில் ஏறியது அப்படித்தான். வாத்தியாரின் கடைசித் தம்பிதான் தம்பித்துரை. அவன் ஜேர்மனிக்கு ஓடிவந்து, இருக்கக் காகிதம் கிடைத்ததும் முதலில் செய்த வேலை, அண்ணன் வீட்டு வேலைக்காரப் பெட்டையைக் கொழும்பு வழியாகக் கூப்பிட்டு எடுத்ததுதான். அண்ணன் குடும்பம் அன்றோடு பேச்சுவார்த்தையை விட்டது. அவன் அவளை உயிராய் நேசித்தான், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் உயிராய் நேசித்தவனும் ஊரை மாற்றித்தான் சொன்னான்.

பேச்சு, சமையல், ஒடியல் கூழ் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே கைவந்தவை. ஒரே ஒரு விஷயத்தில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். முதல் மாரியில் மற்றப் பெண்கள் எல்லாம் எலும்புக்குள் ஊசி குத்துகிறது என்று அழுதுகொண்டிருக்க, இவள் மெல்லிய சட்டையோடு பால்கனியில் நின்று உடுப்புக் காயப்போட்டாள். அந்த ஈரக் குளிர் மூக்கில் ஏறியபோது அவளுக்குக் கண் கலங்கியது. விடியற்காலை தோட்டத்துப் பீலித் தண்ணீரில் முகம் கழுவும்போது ஏறுமே, அதே குளிர். தம்பித்துரை ஓடிவந்து உள்ளே இழுத்தான்.

"செட்டிகுளத்துக்காரி குளிருக்கை இப்பிடி நிண்டால் சனம் என்ன நினைக்கும்? நடுங்கு."

புருஷன் நடுங்கு என்றால் நடுங்கத்தான் வேண்டும். அன்றிலிருந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டாள். கையைக் கையோடு தேய்த்தாள். பஸ் தரிப்பிடத்தில் தெரிந்தவர்கள் நின்றால் பல்லைக் கிடுகிடுக்க வைத்தாள். முப்பத்திரண்டு வருஷம் குளிராத குளிருக்கு நடுங்கி நடித்த பெண்ணை நீங்கள் வேறெங்கே கண்டிருப்பீர்கள்?

மூன்று வருஷத்துக்கு முன் தம்பித்துரைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை தேனுவின்ரை கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறவாதை" என்றான். பிறகு அவன் வாயும் மூடிவிட்டது. செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு உயிரோடு இருக்கிறவனுக்குக் கொடுத்ததைவிடப் பாரம். திருப்பிக் கேட்டு வாங்க முடியாதல்லவா?

ஒரே மகள் தேனுஜாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. ஹம்மில் பிறந்து, ஹம்மில் படித்து, வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் லக்ஸனுக்கும் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளைகளாக விரும்பிக் கேட்ட கல்யாணம். லக்ஸனின் தாய் பாலாம்பிகை, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரி. ஹம் தமிழர் ஒன்றியத்தில் பாலாம்பிகையக்கா சொன்னால் சொன்னதுதான். ரயில் நிலையத்துக்கு வந்து புதுப்பெண்ணைக் கட்டிப்பிடித்து வரவேற்றவர்களில் அவளும் ஒருத்தி. சந்திரகாந்திக்கு முதல் குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

பாலாம்பிகை பொல்லாதவள் அல்ல. ஆனால் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ ஒருவர், டோட்முண்ட் நகரத்தில் ஒரு சம்பந்தம் கடைசி நேரத்தில் குழம்பிய கதையை எடுத்தார். பெண்ணின் தாய்வழி தோட்டக்காட்டுப் பக்கமாம், எப்படியோ தெரிந்துவிட்டதாம். "நல்ல காலம், தாலி கட்ட முதல் பிடிபட்டுது" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். பாலாம்பிகையும் சிரித்தாள். சந்திரகாந்தி அன்றைக்குக் கையிலிருந்த வடையைச் சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் எடுத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குள் போய் உட்கார்ந்ததுதான், எழும்பவே இல்லை.

கார்த்திகைக் கடைசியில் இலங்கையைப் புயல் அடித்தது. யாழ்ப்பாணத்தில் வெள்ளம், மலைநாட்டில் மலையே சரிந்தது. சந்திரகாந்தி நாலு நாள் தங்கை பவளத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். மாதத்தில் ஒருமுறை மகளுக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிற தங்கை. ஐந்தாம் நாள், வேலை இடைவேளையில், வேறு யாருடைய நம்பரிலிருந்தோ அழைப்பு வந்தது. சந்திரகாந்திக்கு ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கட்டில் விரிப்பும் போர்வையும் கழுவி மடிக்க வேண்டும். அவள் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய், காருக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா, உசுரோட இருக்கோம்க்கா" என்றாள் பவளம்.

சந்திரகாந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாலாம் நம்பர் லயம் முழுசாப் போயிருச்சு. நம்ம லயத்துல பாதி. எங்கள எல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க. சிமிந்தித் தரக்கா. சன்னலுக்குக் கண்ணாடி இல்ல. மழ வுடவே மாட்டேங்குது. பாப்பாவுக்கு நெஞ்செல்லாம் சளி, ராத்திரியெல்லாம் கொர்ரு கொர்ருங்குது."

பாப்பா பவளத்தின் மகள் வயிற்றுப் பிள்ளை. பதினொரு மாதம். மகள் கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிருந்தாள், ரோடு உடைந்து அவளால் திரும்பி வர முடியவில்லை.

"நான் காசு அனுப்புறன் பவளம், உடன அனுப்புறன்..."

"சல்லி வேணாங்க்கா. சல்லிய எடுக்க அடையாள அட்ட வேணுமே, அது மண்ணுக்குள்ள கெடக்கு. கடையும் இல்ல, ரோட்டும் இல்ல. அரிசி பருப்பு ஹெலிகொப்டர்ல கொண்டாந்து போட்டாங்க. போத்திக்கத்தான் ஒண்ணுமில்ல. இருக்கறதெல்லாம் ஈரம். ஒரே ஒரு கம்பிளி கெடச்சாப் போதும்க்கா, பாப்பாவுக்கு."

போன் துண்டிக்கப்பட்டது. சந்திரகாந்தி திரும்பிப் போய் அன்று பின்னேரம் வரை போர்வை மடித்தாள். மெத்தென்ற, சூட்டோடு இயந்திரத்திலிருந்து வருகிற போர்வைகள். எத்தனை மடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை முடிந்ததும் தபால் நிலையத்துக்குப் போனாள். அந்தப் பக்கத்துக்கு இப்போது பொதி எடுப்பதில்லை, எடுத்தாலும் ஆறு கிழமை செல்லும் என்று அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

தெய்வம் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் திறக்கும் என்பார்களே, அது அன்றிரவே வாட்ஸ்அப்பில் திறந்தது. ஒன்றியத் தலைவர் புவனேந்திரன் குரல்பதிவு போட்டிருந்தார். மலைநாட்டுச் சனத்துக்கு உதவி சேர்க்கிறோம், தெரிந்த ஒரு கார்கோக்காரர் விமானத்தில் சும்மா ஏற்றித் தருகிறார், பெட்டிகள் ஒரு கிழமைக்குள் போய்விடும், அங்கே ஒரு பாதிரியார் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்று பெயரையும் வாசித்தார். இரண்டாவது பெயர் ஆனைப்பள்ளம். சந்திரகாந்தி அந்தக் குரல்பதிவை ஏழெட்டுத் தரம் போட்டுக் கேட்டாள்.

சனிக்கிழமை காலை, ஒன்றியம் வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம் நிரம்பி வழிந்தது. சும்மா சொல்லக்கூடாது, சனம் அள்ளிக் கொடுத்திருந்தது. தமிழர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர், வேலையிடத்து ஆட்கள், தேனுஜாவின் அலுவலகத்துக்காரர் எல்லாரும் பை பையாய்க் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சந்திரகாந்தி உள்ளே வந்ததும் முதலில் கண்டது போர்வைகளைத்தான். கம்பளி, பஞ்சு, குழந்தைப் போர்வை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு. அவளுக்கு அழவேண்டும் போல இருந்தது. சந்தோஷத்தில்.

ஆனால் அந்தப் போர்வைகள் இருந்தது வலது மூலையில். பெட்டிகள் கட்டியது இடது பக்கத்தில். வாழைப்பழம் வரும் அட்டைப் பெட்டிகளுக்குள் சாரம், பருத்திச் சட்டை, கையில்லாத சோட்டிக் கவுன், விசிறி, தண்ணீர்க் கான், கொசுக்கடிக்கு நுளம்புவலை என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நுளம்புவலை பாலாம்பிகையின் யோசனை. "வெள்ளம் நிண்ட இடத்திலை நுளம்பு பெருகும். எங்கடை ஊரிலை நாங்கள் படாத பாடே?" என்று சொல்லி நூறு வலை எடுப்பித்திருந்தாள். நல்ல மனம்தான். அந்த உயரத்தில் நுளம்பு வாழாது என்பது கோண்டாவிலில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"மாமி, இந்த டெக்கன் எல்லாம் ஏன் அங்காலை வைச்சிருக்கிறியள்?" என்று தேனுஜா போர்வைகளைக் காட்டிக் கேட்டாள்.

"அது ஜேர்மன்காரர் தெரியாமல் கொண்டந்தது பிள்ளை. இலங்கைக்கு ஆரும் கம்பளி அனுப்புவினமே? வேர்த்துச் செத்துப்போங்கள்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேனுஜா விடவில்லை. தன் கைபேசியில் அந்த இடத்து வெப்பநிலையை எடுத்துப் பார்த்தாள். "இல்லை மாமி. அந்த இடத்திலை இரவிலை ஒன்பது கிராட் எண்டு காட்டுது."

"ஒன்பது கிராட்!" பாலாம்பிகை கையை விரித்தாள். "ஒன்பது கிராட் எண்டால் இங்கை நாங்கள் யன்னல் திறந்து விடுவம். ஒன்பது கிராட் ஒரு குளிரே?"

இப்போது இன்னும் பெரிய சிரிப்பு. சுவரோரம் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. முப்பது வருஷமாக ஜேர்மனியில் குளிரை வெளியே வைத்துக் கதவைச் சாத்திப் பழகியவர்கள், கதவில்லாத ஒன்பது கிராட்டை எங்கே கண்டார்கள்?

புவனேந்திரன் கொஞ்சம் தயங்கினார். "அது நுவரெலியாப் பக்கம், குளிர்தான் அக்கா. நான் கேள்விப்பட்டிருக்கிறன்."

"நானும்தான் பள்ளிக்கூடத்தாலை மலைநாட்டுக்கு, பேராதனைப் பூந்தோட்டம் பாக்கப் போனனான். நல்ல வெக்கை. அப்பிடிக் குளிர் எண்டாலும் அந்தச் சனத்துக்கு அது பழக்கம் தம்பி. அதுகள் பிறந்து வளர்ந்ததே அதுக்கைதானே. குளிர் உடம்பு. பெட்டிக்கு இருபது கிலோவுக்கு மேலை ஏலாது எண்டு நீங்கள்தானே சொன்னனியள்? கம்பளி வைச்சால் சாமான் வைக்கேலாது." சொல்லிக்கொண்டே பாலாம்பிகை மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். கண் சந்திரகாந்தியில் வந்து நின்றது. "சந்திராவைக் கேப்பம். அவதான் வவுனியாக்காரி. தோட்டச் சனம் கன பேர் அந்தப் பக்கம் வந்து குடியிருந்ததுகள். என்ன சந்திரா, நீர் பழகியிருப்பீர்தானே. அதுகளுக்குக் கம்பளி வேணுமோ?"

மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

குளிருக்குப் பழகுவது என்றால் கம்பளிக்குப் பழகுவது. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்தான் வேண்டும். லயத்து ஒற்றையறைக் காம்பராவில் சாப்பாடு இல்லாத நாள் இருந்தது, கம்பளி இல்லாத நாள் இருந்ததில்லை. தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளிக்குள் தாயும் அவளும் பவளமும் ஒன்றாய்ச் சுருண்டு கிடப்பார்கள். இடையில் கிடக்கிற பவளம், காலை நீட்டாதே என்று அக்காவைக் கிள்ளுவாள். மழையில் நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைப்பார்கள். வீடு முழுக்க ஆட்டு மயிர் நாறும். அந்த நாற்றம் இப்போது, ஹம் நகரத்துத் தேவாலய மண்டபத்தில், அவள் மூக்கில் வந்து நின்றது.

வேணும் அக்கா என்று சொன்னால் அடுத்த கேள்வி, உமக்கெப்படித் தெரியும் என்பதுதான். அப்படித்தான் அவள் நினைத்தாள். மகள் கைபேசியோடு எதிரே நிற்கிறாள், தன் பக்கம் அம்மா பேசுவாள் என்று நம்பி. பாலாம்பிகை சிரித்த முகத்தோடு நிற்கிறாள். பிறந்தநாள் விழாவில் சிரித்த அதே முகம். நல்ல காலம், தாலி கட்ட முதல் பிடிபட்டுது.

"ஓமக்கா" என்றாள் சந்திரகாந்தி. "அதுகளுக்குப் பழக்கம்தான்."

அவ்வளவு சுலபமாக வந்தது. தங்கையை 'அதுகள்' என்று சொன்ன நாக்கு அறுந்து விழவில்லை. பாலாம்பிகை, "பாத்தியே பிள்ளை" என்று மருமகளாகப் போகிறவளின் கன்னத்தில் செல்லமாய்த் தட்டிவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனாள்.

மதியம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரம், சந்திரகாந்தி மூலைக்குப் போய் ஐந்தாறு போர்வைகளை வாரி எடுத்தாள். ஆனைப்பள்ளம் என்று எழுதிய பெட்டிகள் மூன்றின் அடியில் திணித்து, மேலே சாரங்களை அடுக்கி மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவளுக்கு இது பெரிய வேலையா? ஆனால் தராசுக்குக் கண்ணில்லை. சாப்பிட்டு வந்து பெட்டிகளை நிறுத்தபோது அந்த மூன்றும் எடை கூடக் காட்டின. புவனேந்திரன் திறந்து பார்த்தார்.

"ஆரப்பா இதுக்கை டெக்கன் வைச்சது?"

சந்திரகாந்தி ஒட்டுநாடா வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி வெட்டி மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டே இருந்தாள். புவனேந்திரன் போர்வைகளை உருவி எடுத்துப்போட்டார். பெட்டி இருபது கிலோவுக்கு இறங்கியது. பின்னேரம் அந்த மூலையில் கிடந்ததையெல்லாம் பாலாம்பிகையும் லக்ஸனும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழைய உடுப்பு போடுகிற தொட்டி நிரம்பிக் கிடக்கிறது, அதுவரைக்கும் எங்கள் வீட்டுக் கெல்லருக்குள் கிடக்கட்டும் என்று பாலாம்பிகை சொன்னாள். நிலத்துக்குக் கீழே இருக்கிற அந்த அறையில் நல்ல இடம் இருந்தது.

காரில் வீட்டுக்கு வரும்போது தேனுஜா, "உங்களுக்குத் தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்திரகாந்தி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை பவளம் போன் எடுத்தாள். சந்திரகாந்தி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்த முதலே அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"பாப்பா போயிருச்சுக்கா."

பவளம் சொல்லிக்கொண்டே போனாள், யாரிடமாவது முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது போல.

"செவ்வாக்கெழம சாமான் வந்துச்சு. ஜெர்மனிலருந்து வந்துச்சுன்னு ஃபாதர் சொன்னாரு. அக்காதான் சொல்லி அனுப்ப வச்சிருக்கும்னு நெனச்சேன்க்கா. பெட்டியத் தொறக்கறப்ப கம்பிளி இருக்கும் கம்பிளி இருக்கும்னு பார்த்தேன். சாரம் இருந்துச்சு. கையில்லாத சட்ட. கொசுவலை. இங்க ஏதுக்கா கொசு? பாவம், அவுங்களுக்குத் தெரியாதுல்ல. அந்த வலைய நாலா எட்டா மடிச்சு பாப்பாவுக்குப் போத்தி வுட்டோம். ஓட்ட ஓட்டையா இருக்கற துணி, எப்பிடிக்கா குளுரத் தாங்கும்? நேத்து வெடியக்காலையில கொர்ருங்கற சத்தம் நின்னு போச்சு. தூங்கிருச்சுன்னு நெனச்சேன்."

பவளம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"அங்க ஒனக்குக் குளுருதாக்கா? பனியெல்லாம் கொட்டும்பாங்களே. போத்திக்கிட்டு இரு" என்றாள் பவளம்.

அன்று சந்திரகாந்தி திரும்ப வேலைக்குள் போகவில்லை. காருக்குள்ளேயே இருந்தாள். ஹீட்டரைப் போடவில்லை. நடிக்கவேண்டிய அவசியமில்லாமல், முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, அவள் உடம்பு தானாக நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலாம்பிகை வந்தாள். தேனுஜா லக்ஸனோடு கல்யாணச் சேலை பார்க்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நாள் குறித்தாகிவிட்டது, முறையாகச் சொல்ல வேண்டும் என்று பாலாம்பிகை தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் குங்குமமும் கொண்டு வந்திருந்தாள். சந்திரகாந்தி தட்டைத் தொடவில்லை.

"எடும் சந்திரா. தம்பித்துரை இல்லை எண்டு யோசிக்கிறீரோ? அந்தப் பழங்கதையெல்லாம் நான் பாக்கிறேல்லை. நீர்தான் தாய். நீர்தான் முன்னுக்கு நிக்கவேணும். ஆர் என்ன சொல்லினம் எண்டு நான் பாக்கிறன்."

"அதில்லையக்கா. எனக்கு இப்ப தொடேலாது."

"ஏன், துடக்கோ? ஆர் செத்தது?"

உடன்பிறந்தவளின் பேத்தி செத்ததற்குத் துடக்கு உண்டா இல்லையா என்பதை ஐயரைத்தான் கேட்க வேண்டும். மனத்துக்கு இருந்தது. சந்திரகாந்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அதற்குள் பாலாம்பிகை கேள்வியை மறந்து, கைபேசியை எடுத்துவிட்டாள். ஃபாதர் படம் அனுப்பியிருக்கிறார், பாரும், எங்கடை பெட்டியெல்லாம் போய்ச் சேர்ந்திட்டுது என்று ஒவ்வொன்றாய்த் தள்ளிக் காட்டினாள். சேற்று முற்றம், பள்ளிக்கூட வாசல், வரிசையில் நிற்கிற பெண்கள், அடுக்கிய வாழைப்பழப் பெட்டிகள். பிறகு ஒரு படத்தில் விரல் நின்றது.

"இதைப் பாரும். இந்தக் குஞ்சுதான் எனக்கு வலு விருப்பமாய்க் கிடக்கு. கன்னத்தைப் பாரும், அப்பிள் பழம் மாதிரிச் சிவந்து. குளிர் இடத்துப் பிள்ளையள் இப்பிடித்தான் வடிவாய் இருக்குங்கள்."

படத்தில் பவளம் நின்றாள். ஒரு கையில் பொதியோடு நுளம்புவலை. இடுப்பில் மெல்லிய சட்டையோடு பாப்பா. கன்னம் சிவந்திருந்தது காய்ச்சலில்.

"அந்தப் பிள்ளை செத்துப்போச்சுதக்கா" என்றாள் சந்திரகாந்தி.

"என்னது? ஆர் சொன்னது உமக்கு?"

"வியாழக்கெழம. சளி கட்டி." அவளை அறியாமல் நாக்கு தன் ஊருக்குத் திரும்பிவிட்டது. கொக்குவில் கிணற்றடியில் பதினொரு வயதில் இறக்கி வைத்த பேச்சு, தேடாமலே கைக்கு வந்தது. "தூக்கி வச்சிருக்கறது என் தங்கச்சிக்கா. கூடப் பொறந்தவ. பவளம். நான் செட்டிகுளம் இல்ல. நானும் அந்தத் தோட்டந்தான், அந்த லயந்தான். அப்பா அம்மா ஷெல்லுல சாகல. கொழுந்து பறிச்சு, கவ்வாத்து வெட்டித்தான் செத்தாங்க. கல்யாணத்த நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க. தேனுவுக்கு ஒண்ணும் தெரியாது. அவ மேல குத்தம் சொல்லாதீங்க."

சொல்லி முடித்துவிட்டு, அடி விழட்டும் என்று காத்திருக்கிறவள் போல் தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் பயந்த நிமிஷம் இதுதான். வந்துவிட்டது. இனி என்ன?

பாலாம்பிகை அவளைப் பார்க்கவில்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிள்ளையின் முகம் பெரிதாகி, பெரிதாகி, கண்ணும் கன்னமுமாய்த் திரை முழுக்க வந்தது.

"கலியாணமோ? ஆரடி இப்ப கலியாணத்தைக் கதைச்சது?" என்றாள். "நாப்பத்திரண்டு போர்வை சந்திரா. எங்கடை கெல்லருக்கை கிடக்கு. இண்டைக்கும் கிடக்கு. காலமை உடுப்புக் கழுவ இறங்கேக்கை காலிலை தட்டுப்பட்டுது, எரிச்சலிலை அங்காலை தள்ளிப்போட்டு வாறன்."

தேத்தண்ணீரில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. சந்திரகாந்திக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இந்த மனுஷி வேறு எதைச் சொல்லித் திட்டினாலும் தாங்கியிருக்கலாம். தோட்டக்காட்டாள் என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், அன்றைக்கு வாயை மூடினதற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். அதையும் கொடுக்காமல் பாலாம்பிகை உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டிச் சந்திரகாந்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள், இறுக்கி, நோகிற மாதிரி.

"அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கை நான் உன்னைத்தானேயடி கேட்டனான்?"

சந்திரகாந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓமக்கா" என்றாள்.